ஊருக்கொரு பேச்சு நடிப்பா?

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குச் சென்னையில் ஒரு பேச்சு, வீட்டுக்குப் போன் போட்டால் வேறு பேச்சு. இது நடிப்பு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பெரும்பாலும் அப்படியில்லைங்க, எதிரில் இருப்பவரையும் சூழலையும் பொறுத்துப் பேச்சு தானாகவே மாறும். 1962-இல் வில்லியம் லாபோவ் என்ற அமெரிக்க மொழியியலாளர் நியூயார்க்கின் மூன்று பெரிய கடைகளில், நான்காம் மாடியில் ('ஃபோர்த் ஃப்ளோர்') இருக்கும் பிரிவுக்கு வழி கேட்டார். முதலில் 'ஃபோத் ஃப்ளோ' என்ற ஊழியர்களில் சிலர், அவர் காதில் விழாததுபோல மறுபடி கேட்டதும் 'ஃபோர்த் ஃப்ளோர்' என்று 'ர்' சேர்த்தார்கள். அந்த நொடியில் நடிக்க ஏது நேரம்?

நீங்களும் பார்க்கலாம். நெல்லைக்காரர் ஒருவரின் சம்மதத்தோடு அலுவலகப் பேச்சையும் அம்மாவுடன் பேசுவதையும் பதிவுசெய்து, பொதுப்பேச்சின் 'வந்தாங்க', நெல்லைப்பேச்சின் 'வந்தாவ' இரண்டை மட்டும் எண்ணுங்கள். முதல் ஐந்து நிமிடத்தைத் தள்ளிவிடுங்கள். பதிவாகிறது என்ற நினைப்பிருக்கும்வரை யாரும் ஜாக்கிரதையாகத்தான் பேசுவார்கள்.