அவளுடைய ழகரம்

பன்னிரண்டு வயதில் நான் ழகரம் எழுதும் விதத்தை மாற்றிக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அதன் வாலை நன்றாகக் கீழே இழுத்து, ஒரு சிறு சுழி போட்டு முடிப்பாள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்கள் நிறைய அதையே எழுதிப் பழகினேன். அவள் வராத நாட்களில் எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

இரண்டு வருடம் கழித்து அவள் வேறொருத்தியோடு ஒட்டிக்கொண்டாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை. "சிநேகிதிதானே, நாளைக்கே சேர்ந்துகொள்வீர்கள்" என்றார்கள் வீட்டில். நாங்கள் சேரவே இல்லை.

ஒரு பையனுக்காக அப்படி அழுதிருந்தால் வீடு ரணகளமாகியிருக்கும். ஆனால் அது காதல் என்று எல்லோருக்கும் உடனே புரிந்திருக்கும். நாங்கள் ஒரே போர்வைக்குள் தூங்கியதை யாரும் தடுக்கவில்லை. இரண்டு பெண்பிள்ளைகளுக்குள் என்ன இருந்துவிடப் போகிறது என்ற அலட்சியம்தான் எங்களுக்குக் கிடைத்த சுதந்திரம். பிரிந்தபோது என் துக்கத்தையும் அதே அலட்சியம் விழுங்கிவிட்டது. நம் அகப்பாடல்களில்கூடத் தோழிக்கு எவ்வளவு பேச்சு! அத்தனையும் தலைவியின் காதலுக்காக. தோழியின் நெஞ்சில் என்ன இருந்தது என்று யார் கேட்டார்கள்?

கரோல் ஸ்மித்-ரோசன்பெர்க் என்ற வரலாற்றாய்வாளர், 1760களுக்கும் 1880களுக்கும் இடையில் வாழ்ந்த 35 அமெரிக்கக் குடும்பங்களின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் படித்து 1975இல் ஒரு கட்டுரை எழுதினார். இளம் வயதில் தோழிகளான பெண்கள், திருமணத்துக்குப் பிறகும் ஒருவருக்காக ஒருவர் ஏங்கி எழுதிய கடிதங்கள் அதில் வருகின்றன. அவர்கள் தன்பால் ஈர்ப்புள்ளவர்களா இல்லையா என்று தீர்ப்பெழுத அவர் அவசரப்படவில்லை. உளவியலாளர் லிசா டயமண்ட் 2003இல் இன்னொன்றை வாதிட்டார்: காதல் வயப்படுவதும் காம இச்சையும் தனித்தனி வேர்கள் கொண்டவை, ஒன்றில்லாமல் மற்றொன்று வரலாம். இதைப் படித்த அன்று வெகுநேரம் அழுதேன். தொடாததால் அது காதலில்லை என்று அத்தனை வருடம் என்னையே நம்பவைத்திருந்தேன்.

நெருக்கமான தோழிகள் எல்லோரும் தன்பால் ஈர்ப்புள்ளவர்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிப் பழகிவிட்டு, ஆண்களை விரும்பி மணந்து நிறைவாக வாழ்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய பாசமும் முழுமையானதுதான். ஆனால் என்னைப் போன்ற ஒருத்தி "அவள்தான் என் முதல் காதல்" என்று சொன்னால், "இப்போது தெரிந்ததை அப்போதைய நட்பின்மேல் ஏற்றுகிறாய்" என்கிறார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. பெயர்தான் பிறகு வந்தது. பட்டினி கிடந்தது அந்தப் பதினான்கு வயதில்.

அவளுக்கு அது என்னவாக இருந்தது என்று நான் கேட்டதில்லை. அதற்குப் பெயர் வைக்கும் உரிமை அவளுடையது. அவள் பெயரில் ழகரம் கிடையாது. என் பெயரில் உண்டு. கையெழுத்துப் போடும்போதெல்லாம் அந்தச் சுழி தானாக விழுகிறது.