ரீஸ்டார்ட் செய்யப் பயந்த சர்வர்

எங்கள் அலுவலகத்தில் நான்கு பழைய சர்வர்கள் இருந்தன. பில்லிங் சர்வரை மூன்று வருடமாக யாரும் ரீஸ்டார்ட் செய்யவில்லை. நிறுத்தினால் திரும்ப எழுந்து வருமா என்ற பயம்தான். ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் தரவு தப்பும்படி பல டிஸ்க்குகளைச் சேர்க்கும் முறை) என்பதால் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு டிஸ்க் போயிருந்தால் அவ்வளவுதான். அதில் இருந்த விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-க்கு மைக்ரோசாஃப்டின் இலவசப் பாதுகாப்பு அப்டேட்கள் 2023 அக்டோபரிலேயே நின்றுவிட்டன.

“ஒரு நல்ல சர்வர் வாங்கி நான்கையும் விர்ச்சுவல் மெஷினாக அதில் ஏற்றிவிடலாம்” என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அதாவது, ஒரே பெட்டிக்குள் மென்பொருளால் நான்கு தனித்தனி கணினிகளை ஓட்டுவது. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. முன்பு ஒரு பெட்டி படுத்தால் ஒரு வேலை நிற்கும். இப்போது ஒரு மதர்போர்டு போனால் அலுவலகமே நிற்கும். சின்ன நிறுவனம்தான், பணம் இறுக்கம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒன்று போனால் கைகொடுக்க இரண்டு பெட்டி வேண்டும். முதல் சர்வரைக் கொஞ்சம் சிறியதாக வாங்குங்கள். இரண்டாவது பெட்டியை மட்டும் வெட்டாதீர்கள்.

விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டப் பலரும் பயன்படுத்தும் விஎம்வேர், பிராட்காம் நிறுவனத்தின் கைக்குப் போன பிறகு முழுக்கச் சந்தா முறைக்கு மாறிவிட்டதால், நாங்கள் அதே வேலையைச் செய்யும் பிராக்ஸ்மாக்ஸ் போட்டோம். லினக்ஸுக்குள்ளேயே இருக்கும் கேவிஎம் என்ற விர்ச்சுவல் மெஷின் வசதிதான் அதன் அடித்தளம். ஃபைல் சர்வரையும் பில்லிங் சர்வரையும் டிஸ்க்கோடு அப்படியே இமேஜ் (முழு நகல்) எடுத்து மாற்றினோம். எல்லோருடைய லாகின்களையும் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர் சர்வரை மட்டும் அப்படிச் செய்யக் கூடாது. புதிதாக ஒன்றை நிறுவி, பழையதோடு இணைத்து, பொறுப்புகளை மாற்றிக்கொடுத்த பிறகே பழையதை விலக்க வேண்டும். அப்புறம், பில்லிங் சர்வரின் பின்னால் டேப் ஒட்டி ஒரு யுஎஸ்பி டாங்கிள் (மென்பொருள் உரிமத்துக்கான சாவி போன்ற சின்னக் கருவி) இருந்தது. அது இல்லாமல் பில்லிங் மென்பொருள் திறக்காது. பழைய பெட்டியை அணைக்கும் முன் பின்பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள்.

பேக்கப் தினமும் ஓகே என்றுதான் காட்டியது. ஒரு சனிக்கிழமை பில்லிங் சர்வரின் பேக்கப்பை இரண்டாவது பெட்டியில் ரீஸ்டோர் செய்து, நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டு பூட் செய்தோம். விண்டோஸ் வந்தது. டேட்டாபேஸ் வரவில்லை. அது இருந்த டிஸ்க்குக்கான பிராக்ஸ்மாக்ஸ் அமைப்பில் ‘பேக்கப்’ என்ற டிக் எடுபட்டிருந்தது. இரண்டு வாரமாக வெறும் சி டிரைவைத்தான் பத்திரப்படுத்திக்கொண்டிருந்தோம். ஸ்னாப்ஷாட் (விர்ச்சுவல் மெஷினின் ஒரு நேரத்து நிலையைப் பதிந்து வைப்பது) இருக்கிறதே என்றார் உடன் இருந்தவர். அதுவும் அதே டிஸ்க்கில்தானே இருக்கிறது!

டிக்கைப் போட்டு, மறுபடி பேக்கப் எடுத்து, மறுபடி ரீஸ்டோர் செய்தோம். கடைசி பில் எண் இரண்டு திரையிலும் ஒன்றாக இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் பழைய சர்வரின் மின்இணைப்பைப் பிடுங்கினேன்.