ஏரிக்கரை மரத்துக்கு மாற்று நடுவது பற்றி

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஏரிக்கரை மரம் விழும் நிலையில் இருந்தால் அனுமதி தேவையில்லை, மாற்று மரமும் நட வேண்டாம் என்று ஒருவர் பதிவிட்டிருக்கிறார். முதல் பாதி கிட்டத்தட்ட சரிதான். இரண்டாம் பாதியில்தான் சிக்கல்.

ஆபத்தான மரத்துக்குத் தனி பெர்மிட் வேண்டாம், ஆனால் ஊரின் விதி அமலாக்க அதிகாரியிடம் முதலில் கலந்து பேச வேண்டும். பெரிய ஏரி என்றால் உயர்நீர்க் கோட்டிலிருந்து (நீர் வழக்கமாக ஏறி நிற்கும் மேல் எல்லை) 100 அடி வரை கரைப்பட்டை, அதாவது மரங்களைக் காக்க வேண்டிய கரையோரப் பகுதி. அதற்குள் மரம் போனதால் மேலே இலைக்கூரையில் 250 சதுர அடிக்கு மேல் திறப்பு விழுந்தால், அந்த மண்ணுக்குரிய நாட்டு மரம் நட்டே ஆக வேண்டும். கன்று குறைந்தது 4 அடி உயரம், 2 அங்குல விட்டம். பக்கத்திலேயே 2 அங்குல இளமரம் தானாக வளர்ந்திருந்தால் நட வேண்டாம். பதிவிட்டவருக்கு அப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

250 சதுர அடி என்பது ஏறக்குறைய 18 அடி குறுக்களவுள்ள வட்டம். அடிமரத்தருகே டேப் பிடித்து, அண்ணாந்து பாருங்கள்: நன்கு விரிந்த ஒரே மரம்கூட அந்த அளவைத் தாண்டிவிடும்.

சரிபார்க்க: மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் 'அத்தியாயம் 1000' கரைநில வழிகாட்டு விதியில் ஆபத்தான மரங்கள் பற்றிய பகுதியைப் படியுங்கள். அது குறைந்தபட்ச அளவுகோல்தான், ஊர்கள் இன்னும் கடுமையாக வைக்கலாம். அதனால் உங்கள் ஊர் அலுவலகத்தில் உள்ளூர் விதியின் பிரதியையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.