இறால் ‘கவுண்ட்’: எண் கூடினால் அளவு கூடுமா?

“100 கவுண்ட் இறால்தான் பெரியது, 30 கவுண்டுக்குக் கூடுதல் விலை கேட்டால் ஏமாற்று” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் சுற்றுகிறது. இது தலைகீழான தகவல்.

கவுண்ட் என்பது ஒரு கிலோவில் எத்தனை இறால் நிற்கும் என்ற கணக்கு. 30 கவுண்ட் என்றால் ஒன்று ஏறக்குறைய 33 கிராம். 100 கவுண்ட் என்றால் வெறும் 10 கிராம். பெரியதற்கு விலை கூடத்தான் செய்யும்.

குழப்பத்துக்கு இடம் இல்லாமலும் இல்லை. அமெரிக்காவில் இதே எண்ணை ஒரு பவுண்டு எடைக்கு (சுமார் 454 கிராம்) சொல்வார்கள். அங்கே 30 என்றால் ஒன்று 15 கிராம்தான். நம் கணக்கில் அது 66 கவுண்ட். வெளிநாட்டுக் காணொளியைப் பார்த்துவிட்டு சீர்காழிப் பண்ணையில் பேரம் பேசினால் இப்படித்தான் முட்டும்.

தலையோடு எடையா, தலை நீக்கியா என்பதையும் கேளுங்கள். பண்ணைகளில் வளர்க்கும் வனாமி வகை இறாலில் தலையைக் கிள்ளினால் மூன்றில் ஒரு பங்கு எடை போய்விடும். தலை பெருத்த ஆற்று இறாலில் இழப்பு இன்னும் அதிகம். கடைப் பலகையில் எழுதும் ‘ஜம்போ’வுக்கோ எந்தப் பொது அளவும் கிடையாது, அது கடைக்காரர் விருப்பம். சந்தேகம் வந்தால் ஒரு கிலோ நிறுத்து, எண்ணிப் பாருங்கள்.