கான்ஃபிக் கோப்பைச் சரிபார்க்காமல் சர்வரில் ஏற்றாதீர்கள்

பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அன்சிபிள் என்ற கருவியைக் கற்றுக்கொடுக்கும் பயிற்சிகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் "ஒரே கட்டளையில் நூறு சர்வர்களுக்கும் கோப்பை அனுப்பிவிடலாம்" என்ற உறுதிமொழியோடுதான் தொடங்குகின்றன. அது உண்மைதான், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் வேகத்தை முதல் பாடமாகச் சொல்லிவிட்டு, அந்த வேகத்தைக் கட்டுக்குள் வைப்பதற்காக அதே கருவியில் தரப்பட்டிருக்கும் வசதிகளைக் கடைசி வகுப்புக்குத் தள்ளுவதும், பல சமயம் சொல்லாமலே விட்டுவிடுவதும், சர்வர் நிர்வாகத்துக்கு வரும் இளைஞர்களுக்கு நாம் செய்யும் அநியாயம் என்று நினைக்கிறேன். ஒரு படத்தையோ ஆவணத்தையோ தவறாக ஏற்றினால் அந்த ஒன்று மட்டும் கெடும். இணையதளங்களை வழங்கும் மென்பொருளான என்ஜின்எக்ஸின் கான்ஃபிக் கோப்பில் (அது எப்படி இயங்க வேண்டும் என்று சொல்லும் அமைப்புக் கோப்பு) ஒரு வரியின் முடிவில் அரைப்புள்ளி விடுபட்டால், அந்தச் சர்வரில் இருக்கும் அத்தனை தளங்களும் அடுத்த ரீஸ்டார்ட்டில் எழாமல் போகும்.

கையால் ஒவ்வொரு சர்வராகப் போய் ஏற்றுவது இதற்கு மாற்று ஆகாது. அமெரிக்கப் பங்குச் சந்தையில் இயங்கிய நைட் கேப்பிட்டல் நிறுவனத்துக்கு 2012 ஆகஸ்ட் 1 அன்று நேர்ந்தது அதற்குச் சான்று. புதிய நிரலை 8 சர்வர்களில் ஏற்ற வேண்டியிருந்தபோது தொழில்நுட்பப் பணியாளர் 7 சர்வர்களில் ஏற்றிவிட்டு ஒன்றை விட்டுவிட்டார். அதை இன்னொருவர் சரிபார்க்கவில்லை. சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்துபூர்வமான நடைமுறையும் அங்கே இல்லை. விடுபட்ட அந்த ஒரு சர்வரில், பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இல்லாதிருந்த பழைய நிரல் உயிர்பெற்று, சுமார் 45 நிமிடங்களில் 154 பங்குகளில் 40 லட்சம் பரிவர்த்தனைகளைச் செய்து முடித்தது. நட்டம் 46 கோடி டாலருக்கும் மேல். பிரச்சினை எங்கே என்று தெரியாமல், சரியாக ஏற்றப்பட்டிருந்த 7 சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்கியதால் நிலைமை மேலும் மோசமானது. எட்டு சர்வர்களும் ஒரே நிலையில் இருக்கின்றனவா என்று கேட்டுப் பதில் பெறும் வசதி இருந்திருந்தால், அந்த ஒரு கேள்வியிலேயே குறை வெளிப்பட்டிருக்கும்.

எதிர்ப்பக்கத்து உதாரணத்தை 2024 ஜூலை 19 அன்று நாம் எல்லோருமே பார்த்தோம். கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய சேனல் கோப்பு 291, அந்த நிறுவனமே கான்ஃபிக் கோப்பு என்று குறிப்பிட்ட வகையைச் சேர்ந்தது. மென்பொருள் 20 உள்ளீடுகளை வைத்திருக்க, கோப்பு 21ஆவது உள்ளீட்டைக் கேட்டது; நினைவகத்தில் எல்லை தாண்டிப் படிக்கப்போய் விண்டோஸ் விழுந்தது. கோப்பைச் சோதிக்கும் நிரலிலும் பிழை இருந்ததால் அது தடையில்லாமல் வெளியே போனது. 78 நிமிடங்களில் திரும்பப் பெற்றுவிட்டார்கள் என்றாலும், அதற்குள் மைக்ரோசாஃப்டின் கணிப்புப்படி 85 லட்சம் கணினிகள் முடங்கிவிட்டன. இங்கே கோப்பு விடுபட்டதல்ல, போய்ச் சேர்ந்ததுதான் துயரம்: தானியக்கம் தன் வேலையைக் குறைவில்லாமல் செய்தது, பிழையும் அதே வேகத்தில் போய்ச் சேர்ந்தது.

ஆகவே கருவியைப் பயன்படுத்துவது மட்டும் போதாது, அதில் என்னென்ன தடுப்புகளை நாம் இயக்கி வைக்கிறோம் என்பதுதான் முக்கியம். அன்சிபிளின் காப்பி மாட்யூல் ஒரு கோப்பை ஏற்றும்போது உள்ளே நடப்பதைப் பாருங்கள். முதலில் இங்கிருக்கும் கோப்பின் செக்சம்மையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்) சர்வரில் இருக்கும் கோப்பின் செக்சம்மையும் ஒப்பிடுகிறது. இரண்டும் ஒன்றாக இருந்தால் எதையும் தொடாமல் நகர்ந்துவிடுகிறது. வேறுபட்டால், புதிய கோப்பைச் சர்வரில் ஒரு தற்காலிக இடத்தில் இறக்கிவைக்கிறது. வேலிடேட் என்ற வரியை நாம் எழுதியிருந்தால், அதில் சொன்ன சோதனைக் கட்டளையை அந்தத் தற்காலிகக் கோப்பின் மீது ஓட்டிப் பார்க்கிறது. சோதனை தேறினால் மட்டுமே பழைய கோப்பின் இடத்தில் புதியதை ஒரே அசைவில் மாற்றிவைக்கிறது. சர்வருக்குக் கோப்பை நகலெடுக்கும் எஸ்சிபி கட்டளை அப்படியல்ல, அது பழைய கோப்பின் மேலேயே எழுதத் தொடங்கிவிடும், பாதியில் இணைப்பு அறுந்தால் சர்வரில் மிஞ்சுவது பாதிக் கோப்பு. ஃபேப்ரிக் போன்ற கருவிகளின் ஏற்றும் கட்டளையும் கோப்பை அனுப்புவதோடு நிறுத்திக்கொள்கிறது, சோதனையை நாம்தான் எழுதிச் சேர்க்க வேண்டும்.

யாருக்கு நிர்வாகி அனுமதி உண்டு என்று சொல்லும் சூடோயர்ஸ் கோப்புக்கு அதைச் சரிபார்க்கும் விசூடோவையும், தொலைவிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்எச் சர்வரின் கோப்புக்கு அந்தச் சர்வர் நிரலின் சோதனை முறையையும், கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் எச்ஏபிராக்ஸிக்கு அதன் சொந்தச் சோதனை முறையையும் வேலிடேட் வரியில் கொடுத்துவிடலாம். என்ஜின்எக்ஸில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. முதன்மைக் கோப்பைத்தான் அது தனியாகச் சோதிக்கும். ஒரு தளத்துக்கான துணைக் கோப்பை மட்டும் எடுத்துக் கொடுத்தால், அதற்கு மேலே இருக்க வேண்டிய பகுதிகள் இல்லாததால் சரியான கோப்பையும் தவறு என்றுதான் சொல்லும். இதைக் கண்டதும் பலர் வேலிடேட் வரியையே நீக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல், கோப்பு மாறினால் மட்டும் ஓடும் பணியான ஹேண்ட்லர் முதலில் முழு அமைப்பையும் சோதிக்கட்டும், தேறினால் மட்டும் ரீலோடு (நிறுத்தாமல் அமைப்பை மறுபடி படிப்பது) செய்யட்டும். ரீஸ்டார்ட்டுக்குப் பதிலாக ரீலோடு என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம், ரீலோடின்போது புதிய அமைப்பில் பிழை இருந்தால் என்ஜின்எக்ஸ் பழைய அமைப்போடே தொடர்ந்து ஓடும். ரீஸ்டார்ட் செய்தால் முதலில் நின்றுவிடும், பிறகு எழாது.

எதையும் மாற்றாமல் ஒத்திகை பார்க்கும் செக், மாறப்போகும் வரிகளைக் காட்டும் டிஃப் என்ற இரண்டு தெரிவுகளோடு ஓட்டிப் பார்க்காமல் நேரடியாகப் பிளேபுக்கை (அன்சிபிள் செய்ய வேண்டிய பணிகளின் பட்டியல்) ஓட்டுவது, படித்துப் பார்க்காமல் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்குச் சமம். எங்கள் குழுவில் ஒரு முறை, புதிய தளம் ஒன்றைச் சேர்ப்பதற்கான சின்ன மாற்றத்தை இப்படி ஓட்டிப் பார்த்தபோது, எதிர்பார்த்த கூட்டல் குறி வரிகளுக்கு நடுவே ஒரு கழித்தல் குறி வரி வந்து நின்றது. பதிவேற்றும் கோப்புகளின் அளவை 50 எம்பி வரை அனுமதிக்கும் வரி அது. மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட்டில் இருந்த எங்கள் கோப்பில் அது இல்லை; யாரோ ஒருவர் என்றோ ஒரு நாள் நேரடியாகச் சர்வருக்குள் போய் எழுதியிருக்கிறார். அப்படியே ஓட்டியிருந்தால் அன்சிபிள் தன் கடமையைச் செய்து அந்த வரியை அழித்திருக்கும். மறுநாள் காலை பெரிய பிடிஎஃப்களை ஏற்ற முடியாமல் வாடிக்கையாளர்கள் கூப்பிட்டிருப்பார்கள், நாங்களோ அன்று செய்த மாற்றத்தில் காரணத்தைத் தேடிக்கொண்டிருப்போம். அந்த வரியை முதலில் கிட்டில் சேர்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு போனோம். சர்வருக்குள் நுழைந்து கையால் திருத்தும் பழக்கத்தை நான் இவ்வளவு கடுமையாக எதிர்ப்பதற்கு இதுதான் காரணம்: திருத்தியவருக்கு அன்றைய பிரச்சினை தீர்ந்துவிடும், அவருக்குப் பின்னால் வருகிறவருக்கு அது கண்ணுக்குத் தெரியாத கண்ணியாக மாறும்.

ஒரு கோப்பை யார் படிக்கலாம், எழுதலாம் என்று சொல்லும் அனுமதி எண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கோட் ரிவ்யூவில் அடிக்கடி கண்ணில் படுவது இது. மேற்கோள் குறிக்குள் 0644 என்று எழுத வேண்டிய இடத்தில் வெறுமனே 644 என்று எழுதினால், பிளேபுக் எழுதப்படும் வடிவமான யாம்ல் அதைப் பதின்ம எண்ணாக எடுத்துக்கொள்கிறது. அனுமதி எண்ணுக்கு உரிய எண்ம (எட்டை அடிப்படையாகக் கொண்ட) முறையில் அது 1204. அதாவது, உரிமையாளர் எழுதலாம், படிக்க முடியாது; குழுவுக்கு எந்த அனுமதியும் இல்லை; மற்ற எல்லோரும் படிக்கலாம். தரவுத்தளக் கடவுச்சொல்லைக் காக்க 640 என்று எழுதினாலும் இதே போலத்தான், எழுதியவர் நினைத்ததற்குச் சம்பந்தமே இல்லாத அனுமதி சர்வரில் போய் உட்காரும். பழைய கோப்பின் நகலை வைத்துக்கொள்ளும் பேக்கப் தெரிவும் நல்லதுதான், ஆனால் டெபியன் லினக்ஸில் தளக் கோப்புகளுக்கான கோப்புறையில் இருக்கும் எல்லாவற்றையும் என்ஜின்எக்ஸ் படிக்கும் என்பதால், அந்தக் கோப்புறைக்குள்ளேயே உருவாகும் பழைய நகலையும் அது சேர்த்துப் படித்துவிடும். கடவுச்சொல் உள்ள கோப்புகளை அன்சிபிளின் மறையாக்க வசதியான வால்ட்டில் பூட்டிவைப்பதோடு, அந்தப் பணிக்கு மட்டும் டிஃப்பை அணைத்துவையுங்கள். இல்லாவிட்டால் பூட்டிவைத்த கடவுச்சொல் லாகில் வெளிப்படையாகப் பதிவாகிவிடும்.

எல்லாவற்றிலும் அதிகக் கவனம் வேண்டிய கோப்பு எஸ்எஸ்எச் சர்வரின் கான்ஃபிக் கோப்புதான், ஏனென்றால் அன்சிபிள் சர்வருக்குள் போவதே அந்த வழியாகத்தான். இலக்கணச் சோதனையில் தேறிய கோப்புகூட நம்மை வெளியே தள்ளிவிடக்கூடும். நாம் பயன்படுத்தும் பயனர் பெயரை அனுமதிப் பட்டியலில் சேர்க்க மறந்தால் இலக்கணம் சரியாகத்தான் இருக்கும், ஆனால் கதவு மூடிவிடும். இதைவிட நுட்பமான இன்னொரு விஷயம் உண்டு. அன்சிபிள் ஒரு முறை திறந்த எஸ்எஸ்எச் இணைப்பை இயல்பாக 60 விநாடி திறந்தே வைத்திருந்து அடுத்தடுத்த பணிகளுக்குப் பயன்படுத்திக்கொள்ளும். அதனால் புதிய கோப்பை ஏற்றி ரீலோடு செய்த பிறகு வரும் பணிகள் எல்லாம் பழைய இணைப்பின் வழியாகவே பச்சை நிறத்தில் தேறிவிடும். புதிதாக யாரும் உள்ளே வர முடியாத நிலையில் ஒரு சர்வர் இருந்தாலும் பிளேபுக் வெற்றி என்றே அறிவிக்கும்.

எனவே இந்தக் கோப்பைத் தொடும் பிளேபுக்கை நான் ரிவ்யூ செய்யும்போது நான்கு விஷயங்கள் இல்லாமல் ஒப்புதல் தருவதில்லை. கோப்பை ஏற்றியதும் ஹேண்ட்லர் கடைசிவரை காத்திருக்காமல் உடனே ஓட வேண்டும். பழைய இணைப்பு மூடப்பட வேண்டும். புதிய இணைப்பு திறந்து சர்வர் பதில் சொல்கிறதா என்று பார்க்கும் பணி அடுத்து வர வேண்டும். ஒரே நேரத்தில் எத்தனை சர்வர்களில் ஓட வேண்டும் என்று சொல்லும் சீரியல் மதிப்பு 1 ஆக இருக்க வேண்டும். அப்போதுதான் முதல் சர்வர் கை நழுவினாலும் பிளேபுக் அங்கேயே நின்றுவிடும், மற்ற சர்வர்கள் பழைய கோப்போடு பத்திரமாக இருக்கும். அந்த முதல் சர்வருக்காக, ஓட்டுவதற்கு முன்பே வேறொரு டெர்மினலில் ரூட் (முழு நிர்வாகி) அனுமதியோடு ஒரு இணைப்பைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ரீலோடு செய்தாலும் ஏற்கனவே திறந்திருக்கும் இணைப்பு அறுவதில்லை. பழைய கோப்பை மீட்டு வைக்க அது ஒன்று போதும்.