ஆயா பக்கத்தில் படுத்தால் என்ன குறை?

என் பையனுக்கு ஐந்து வயது. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ரூமும் ஒரு கிச்சனும் உள்ள வாடகை வீடு. ராத்திரி பாயை விரித்ததும் ஆயா பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்வான். ஆயா என்றால் என் அம்மா, மீன் வியாபாரம். விடிவதற்கு முன்பே காசிமேட்டு ஏலத்துக்குக் கிளம்பும்போது, முந்தானையை அவன் கையிலிருந்து உருவித்தான் எடுக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் அழுகிறான் என்று ஓர் உளவியல் ஆலோசகரிடம் போனோம். அடிக்காதீர்கள் என்றார். தனியாகப் படுக்க வையுங்கள், இல்லையென்றால் தைரியமே வராது என்றார். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார். எனக்கு உறுத்தியது அந்தக் குரல்தான்.

அடிக்கக் கூடாது என்பதற்குப் பல நாடுகளில், பல ஆண்டுகளாகச் செய்த ஆய்வுகள் இருக்கின்றன. விசிறிக்கட்டையால் என்னை வளர்த்த அம்மாவுக்கே கசந்தாலும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை பெரியவர்களோடு படுத்தால் கோழையாகிவிடும் என்பது அந்த ரகமா? ஜப்பானில் இன்றும் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் அப்பா அம்மா பக்கத்தில்தான் தூங்குகிறார்கள். தனி ரூமுக்கு எங்கள் தெருவில் கேட்கும் அட்வான்ஸ் வேறு கதை.

அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன் 1928-இல் பெற்றோருக்கு ஒரு புத்தகமே எழுதினார். பிள்ளையைக் கட்டியணைக்காதே, மடியில் உட்கார வைக்காதே, காலையில் கைகுலுக்கு! அம்மாவிடம் சொன்னேன். "மீன் கையோடவா?" என்று கேட்டாள். 1936-இல் வாட்சனே, அதை எழுதும் அளவுக்குத் தனக்கு விஷயம் தெரிந்திருக்கவில்லை என்று வருத்தப்பட்டார். அதற்குள் எத்தனை தாய்மார்கள் அந்தப் பேச்சைக் கேட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்களோ. 1958-இல் ஹாரி ஹார்லோ என்ற இன்னொரு அமெரிக்க உளவியலாளர் தன் குரங்கு ஆய்வை வெளியிட்டார். தாய்க்குப் பதிலாக இரண்டு பொம்மைகள்; பால் தந்த கம்பி பொம்மையை விட்டுவிட்டு, குரங்குக் குட்டிகள் துணி பொம்மையைத்தான் கட்டிக்கொண்டு கிடந்தன.

அடுத்த முறை போனபோது கேட்டேவிட்டேன்: "மேடம், தனியா படுக்கறது படிப்புல இருக்கிறதா, உங்க வீட்டு வழக்கமா?" கொஞ்ச நேரம் யோசித்தார். "நான் மூணு வயசுலேர்ந்து தனி ரூம்" என்றார். நல்ல மனுஷி, மழுப்பவில்லை. வழக்கம் என்று முதலிலேயே சொல்லியிருந்தால், அந்த ஒரு வாரம் அம்மாவைக் கிச்சனில் படுக்க வைத்திருக்க மாட்டேன்.

பள்ளிக்கூட அழுகைக்கு அவர் சொன்ன வழி பலித்தது: திருட்டுத்தனமாக நழுவாமல், எப்போது வருவேன் என்று அவனிடம் சொல்லிவிட்டு வருவது. இப்போது டாட்டா காட்டுகிறான். பாய் மட்டும் பழைய இடத்திலேயே.