ஹெச்பிவி ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை
அக்கா, "ஹெச்பிவி ஊசியில் உயிருள்ள வைரஸ் இருக்கு, அதுவே பிள்ளைக்குப் புற்றுநோயைக் கொண்டுவந்துவிடும்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. ஹெச்பிவி என்பது கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரஸ். அதைத் தடுக்கும் இந்த ஊசியில் இருப்பது அந்த வைரஸின் வெளிக்கூட்டுப் புரதம் மட்டும்தான். உள்ளே மரபணு கிடையாது, அதனால் அது பெருகவும் முடியாது, தொற்றவும் முடியாது. ஸ்வீடனில் சுமார் 17 லட்சம் பெண்களைக் கவனித்து 2020இல் வெளியான ஆய்வில், 17 வயதுக்கு முன்பே போட்டுக்கொண்டவர்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய் 88 சதவீதம் குறைவு. சரி, எல்லா வகை ஹெச்பிவியையும் இந்த ஊசி தடுக்காது. அதனால் 30 வயதுக்கு மேல் கருப்பைவாய்ப் பரிசோதனையும் வேண்டும்.

என் பெரியம்மாவை ரேடியேஷனுக்கு வியாசர்பாடியிலிருந்து அடையாறுக்கு ஆட்டோவில் கூட்டிப் போவேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடிப்பார். உங்கள் மகளுக்கு 12 வயதுதானே? தள்ளிப்போடாமல் குழந்தைகள் டாக்டரிடம் ஒருமுறை கேளுங்கள், அக்கா.